தூசு துடைக்கும் துணி

பேரணாம்பட்டுக்குக் கடல் கிடையாது. ஆந்திர எல்லையை ஒட்டி நிற்கும் மலைகளின் அடிவாரத்து ஊர் அது. இரயில் பாதையும் அவ்வூரைத் தொட்டதில்லை. ஆயினும் அவ்வூரின் வாழ்வும் தாழ்வும் பல தலைமுறைகளாகக் கடலோடு கட்டுண்டு கிடந்தன. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்பட்ட தோல், இலண்டன் மாநகரத்துச் சந்தையில் ஏலம் கூறப்பட்டது. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று அதற்கு அங்கே தனிப்பெயரே உண்டு. அந்தத் தோலைச் சுமந்து சென்ற கப்பல்களின் பின்புறத்திலே ஒரு சிவப்புக் கொடி பறந்தது. அந்தக் கொடிக்கு அதனடியில் வாழ்ந்த மாலுமிகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ரெட் டஸ்டர்’! சிவப்பு நிறத்துத் தூசு துடைக்கும் துணி!

சூரியனே மறையாத பேரரசு என்று மார்தட்டிக் கொண்டவர்களின் கொடி அது. ஒரு மூலையிலே பிரிட்டனின் ஒன்றியக் கொடி, மற்ற இடமெல்லாம் செந்நிறம். அதனை ஏற்றத் தவறுபவன் தண்டனைக்கு ஆளாவான் என்று சட்டம் எழுதி வைத்தவர்கள் அரண்மனையிலும் மாளிகையிலும் இருந்தனர். ஆனால் அலைகடலிலே அதனோடு அன்றாடம் வாழ்ந்தவன், புகைக்கரியிலும் உப்புக்காற்றிலும் நனைந்து நைந்து ஓரம் கிழிந்து தொங்கும் அந்தத் துணியை, வீட்டிலே மேசை துடைக்கும் கந்தலின் பெயரால் அழைத்தான். வெறுப்பினால் அல்ல; உரிமையோடு அழைத்தான். நம் நாட்டிலே தவமிருந்து பெற்ற பிள்ளைக்குக் ‘குப்பை’ என்றும் ‘பிச்சை’ என்றும் பெயரிடுவதில்லையா? அத்தகைய உறவு அது. ஆட்சியாளன் கொடியை வணங்கச் சொல்வான். உழைப்பாளி அதனைத் தன் வீட்டுப் பொருளாக்கிக் கொள்வான். ஒரு கேலிப் பெயருக்குள்ளே இத்தனை உண்மை அடங்கியிருக்கிறது.

அந்தத் துணியின் வரலாற்றைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

1674ஆம் ஆண்டிலே இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லசு ஓர் அறிவிப்பு வெளியிட்டான். அந்நாட்டு வணிகக் கப்பல்கள் சிவப்புக் கொடியைப் பறக்கவிட வேண்டும் என்பது அதன் சாரம். அன்று அக்கொடியின் மூலையில் இங்கிலாந்தின் சிலுவை மட்டுமே இருந்தது. 1707இல் இசுக்காட்லாந்து இணைந்தது. மூலைச் சின்னம் மாறியது. 1801இல் அயர்லாந்து இணைக்கப்பட்டது, மீண்டும் மாறியது. நாடுகள் விழுங்கப்பட விழுங்கப்பட, கொடியின் மூலையிலே கோடுகள் கூடின!

அக்காலத்தில் போர்க்கப்பல்களும் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று பிரிவுகளாக மூன்று நிறக் கொடிகளை ஏந்தின. 1864இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. வெள்ளை, அரச கடற்படைக்கென ஒதுக்கப்பட்டது. நீலம், அரசுப் பணிக் கப்பல்களுக்கும் துணைப்படையினருக்கும் சென்றது. எஞ்சிய சிவப்பு, வாணிகம் செய்து பிழைக்கும் கப்பலுக்கு என்று வைக்கப்பட்டது. நிறத்தைக் கொண்டு படிநிலை வகுக்கும் வித்தை நம் நாட்டுக்கு மட்டுமே உரியது என்று எவரும் எண்ண வேண்டாம். ‘வருணம்’ என்ற வடசொல்லுக்கே நிறம் என்பதுதானே பொருள்! அங்கே துணிக்கு வருணம் வகுத்தார்கள். இங்கே மனிதனுக்கு வகுத்தார்கள். வேறுபாடு அவ்வளவே!

1894ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் இன்னும் இறுக்கமாகப் பேசியது. பிரிட்டிஷ் குடிமகன் எவனுக்கும் உரிமையான கப்பலின் முறையான கொடி, எவ்வித மாற்றமும் சேர்க்கையும் இல்லாத அந்தச் செங்கொடியே என்றது. விதிவிலக்குப் பெற்ற சில கப்பல்கள் தவிர வேறு எதுவும், தடை செய்யப்பட்ட பிற கொடிகளை ஏற்றினால் 500 பவுன் வரை தண்டம். அயல்நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதனை ஏற்றியாக வேண்டும். 50 டன்னுக்கு மேற்பட்ட கப்பலாயின், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட துறைமுகங்களிலும் ஏற்றியாக வேண்டும். மறந்தால் 100 பவுன் வரை தண்டம். சென்னைத் துறைமுகம் யாருடைய ஆட்சியில் இருந்தது? எனவே தமிழகத்துக் கடற்கரையிலே நின்ற தமிழன், கப்பல் வரும்போதும் போகும்போதும் அந்தத் தூசுத் துணியைத்தான் அண்ணாந்து பார்த்தான்.

கொடியே அறியாத நாடா இது? கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையைப் புரட்டிப் பார்த்தவர் அறிவர். காவிரிப்பூம்பட்டினத்திலே எத்தனை வகைக் கொடிகள்! வந்திறங்கிய பொருளும் சென்றேறிய பொருளும் மலைபோல் குவிய, அவற்றின்மீது சோழனின் புலிப் பொறியை இட்டு, சுங்கம் கொள்ளும் காவலர் நின்ற காட்சியை அந்நூல் கூறுகிறது. 1025இல் இராசேந்திரனின் படை கடல் கடந்து கடாரம் சென்றது. வில்லும் புலியும் கயலும் மூவேந்தர் கொடிகளில் விளங்கின. இவற்றையெல்லாம் நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் பேசி முடித்தபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அத்தகைய நாட்டிலே, கடல் கடப்பது பாவம் என்ற எண்ணம் எப்படிக் குடியேறிற்று?

பௌதாயன தரும சூத்திரம், சாதியினின்று வீழ்த்தும் குற்றங்களின் வரிசையிலே கடற்பயணத்தை வைத்தது. கடலோடியை நீத்தார் கடன் விருந்துக்கு அழைக்கலாகாது என்றது மனு நூல். கலம் செலுத்தியவன் தீட்டுப்பட்டவன்! அதே ஏட்டுச் சிந்தனைதான் செத்த விலங்கின் தோலைத் தொட்டவனையும் தீட்டுப்பட்டவன் என்று ஊருக்கு வெளியே நிறுத்தியது. பேரணாம்பட்டுத் தோலின் கதையிலே இவ்விரு தீட்டும் ஒன்று சேருகின்றன. தொடத் தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் பதனிட்டான். கடக்கத் தகாதது என்று விலக்கப்பட்ட கடலின்மீது அது சென்றது. ஆனால் அதனால் வந்த பணத்துக்கு மட்டும் எந்தத் தீட்டும் ஒட்டவில்லை!

தோல் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் அறிந்து கொள்ளுதல் நலம். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்துக் கழுவுவர். பின்னர் சுண்ணாம்புத் தொட்டியில் இடுவர், மயிர் கழலும். ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் சீவுவர். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றிலே நாட்கணக்கில் ஊறவைப்பர். வறண்ட காட்டிலும் தழைக்கும் ஆவாரஞ்செடி, வட ஆர்க்காட்டு மண்ணுக்கு அந்நியமன்று. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக் கொண்டது. இறுதியிலே கடுக்காய் நீரில் இட்டு நிறம் தெளிவித்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். முழங்கால் அளவு சுண்ணாம்பு நீரிலே நின்று, தோலோடு தோலாகத் தன் தோலும் வெந்தவன், பெரும்பாலும் ஆதித்திராவிடத் தொழிலாளி. முதலிட்டு வாணிகம் நடத்தியவர்களுள் பெரும்பாலோர் இசுலாமிய வணிகர். வைதீகம் வெறுத்து ஒதுக்கிய ஒரு தொழிலை எடுத்து, அதனை உலகச் சந்தை வரை கொண்டு சேர்த்தவர்கள் இவ்விரு சாராரும் ஆவர்.

பதனிட்ட தோல் கட்டுக்கட்டாக வண்டியேறிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, பின்னர் மேற்கே நீண்டு குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களைச் சென்னையோடு பிணைத்தது. சென்னையிலே பெரியமேட்டுத் தோல் மண்டி. அங்கிருந்து துறைமுகம். அத்துறைமுகமும் இயற்கை அளித்ததன்று. கப்பல்கள் ஆழ்கடலிலே நிற்க, கயிற்றால் தைத்த மசுலாப் படகுகள் அலையோடு மல்லாடிச் சரக்கையும் மனிதரையும் சுமந்தன. 1876இல் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவரை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது, மீண்டும் கட்டினர். அந்தச் சுவருக்கு உள்ளே வந்து நின்ற நீராவிக் கப்பலிலே தோல் கட்டு ஏறியதும், அதன் தலைக்குமேல் தூசுத் துணி பறந்தது.

அந்தத் துணியின் நிழலுக்கு வெளியே ஒரு கப்பல் ஓட்ட முடியுமா என்று கேட்டவர் தமிழர்தாம். 1906ஆம் ஆண்டு அக்டோபர் திங்களிலே தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர் தலைவர். உயிர் மூச்சாக நின்றவர் ஒட்டப்பிடாரம் தந்த வ. உ. சிதம்பரனார். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் பிரான்சிலிருந்து வாங்கப்பட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனம். அது கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, பயணிகளுக்கு இலவசமாகக் குடையும் தருவதாக ஆசை காட்டியது. முதலாளியின் கட்டணக் குறைப்பு ஒருபுறம், அரசின் அடக்குமுறை மறுபுறம். 1908 மார்ச்சு 12இல் சிதம்பரனார் கைதானார். அதே ஆண்டு சூலை 7இல் இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்த போதிலும், கோவைச் சிறையிலே செக்கிழுக்கும் கொடுமையினின்று அவர் தப்பவில்லை. 1912இன் இறுதியில் அவர் வெளிவந்தபோது நிறுவனம் இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல்கள் விற்கப்பட்டுவிட்டன.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சட்டத்தின் கண்ணிலே சிதம்பரனாரும் ‘பிரிட்டிஷ் குடி’. அவருடைய நிறுவனத்தின் கப்பலும் பிரிட்டிஷ் குடிகளின் கப்பல். தமிழன் தன் காசைப் போட்டு வாங்கிய கப்பலுக்கும் 1894ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய கொடி அந்தச் செந்துணியே! 1919 ஏப்ரல் 5இல் சிந்தியா நிறுவனத்தின் ‘லாயல்டி’ என்ற கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் இந்தியா இன்றும் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறது. அந்தக் கப்பலுக்கும் அதே சட்டந்தான். பொருள் நம்முடையது, ஆள் நம்முடையவன், அடையாளம் மட்டும் அவர்களுடையது. அடிமை வாழ்வு என்பது இதுதான்.

இனி, கொடியின் கீழே உழைத்தவனைப் பார்ப்போம். ‘லாஸ்கர்’ என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமி இல்லாமல் பிரிட்டனின் வணிகக் கப்பல்கள் ஓடவில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய காலத்திலே சுமார் 50,000 லாஸ்கர்கள் அக்கப்பல்களில் பணியாற்றினர். வங்கத்தின் சில்ஹெட், மேற்குக் கரை, கோவா, பஞ்சாப் எனப் பல பகுதிகளிலிருந்து வந்த ஏழை மக்கள் அவர்கள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை பெரும்பாலும் அவர்களுக்கே. ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே கொடி. கூலி மட்டும் ஒன்றன்று! இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இந்திய மாலுமி பெற்ற மாத ஊதியம், அதே கப்பலில் வெள்ளை மாலுமி பெற்றதில் கால் பங்குக்கும் குறைவு. 1906ஆம் ஆண்டுச் சட்டம் மாலுமிக்குரிய தங்குமிடத்தை 120 கன அடியாக உயர்த்தியது. ஆனால் அந்த உயர்வு லாஸ்கர்களுக்குப் பொருந்தாது என்று விலக்கியது. கறுத்த உடலுக்குக் காற்றும் குறைவாகப் போதும் போலும்!

1914 செப்டம்பரிலே செர்மானிய ‘எம்டன்’ வங்கக் கடலிலே புகுந்தது. 14ஆம் நாள் ‘கிளான் மேத்திசன்’ என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பலை மூழ்கடித்தது. 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ஊரே காலி செய்து ஓடியது. ‘எம்டன்’ என்ற சொல் தமிழிலே தங்கிப் போனது. அடாவடிக்காரனை இன்றும் அப்பெயரால் அழைக்கிறோம். போர்க்கப்பல் தேடி வந்தது யாரை? தூசுத் துணி பறந்த சரக்குக் கப்பல்களை. தேயிலையும் சணலும் கரியும் ஏற்றிய கலங்கள் வீழ்ந்தால் பேரரசே வீழும் என்பதை எதிரி அறிந்திருந்தான். போர்க்களத்திலே படைவீரன் அணிந்த காலணிக்கு வேண்டிய தோலுக்கும் தட்டுப்பாடு வந்தது. சென்னை மாகாணத்துத் தோலைப் போர்த் தேவைக்காக அரசே தன் பிடிக்குள் கொண்டு வந்தது. பேரணாம்பட்டுச் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவனும், கப்பலின் கொதிகலன் அறையில் வெந்தவனும், ஒருவரையொருவர் காணாமலேயே ஒரே போருக்கு உழைத்தார்கள்.

அவர்கள் மடிந்தபோது என்ன கிடைத்தது? 1928இல் இலண்டன் டவர் இல்லில் திறக்கப்பட்ட நினைவு மண்டபத்திலே, கடலில் மாண்ட வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. முதற்போரில் மாண்ட இந்திய மாலுமிகளின் பெயர்களைத் தாங்கும் இடம் அதுவன்று. கல்கத்தாவில் ஊக்ளிக் கரையிலே, 1924இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம், வங்கத்தையும் அசாமையும் சேர்ந்த 896 லாஸ்கர்களை நினைவுகூர்கிறது. இரண்டாம் போரிலே இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். அவர்களின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் ஏட்டிலே எழுதி வைக்கப்பட்டன. கொடி ஒன்று, கல்லறை வேறு! உயிரோடு இருந்தபோது ஊதியத்திலே பிரித்தவர்கள், இறந்தபின் இடத்திலே பிரித்தார்கள்.

ஆனால் அவர்கள் ஊமைகளாக மாண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1939ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, போர் மூண்ட சில நாட்களிலேயே, பிரிட்டிஷ் துறைமுகங்களிலும் பிற நாட்டுத் துறைமுகங்களிலும் இந்திய மாலுமிகள் கப்பலேற மறுத்தனர். ஊதியத்தை இரட்டிப்பாக்கு என்றனர். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். எனினும் அடிப்படைக் கூலி உயர்ந்தது. போர்க்கால மிகை ஊதியமும் வந்தது. கொடியை எரிக்கவில்லை, கொள்கை முழக்கம் செய்யவில்லை, ‘எங்கள் கையில்லாமல் உங்கள் துணி நகராது’ என்று காட்டினார்கள். அந்த ஒரு செயல், ஆயிரம் கவிதைகள் பாடாத மாலுமியின் மேன்மையைப் பாடிற்று.

1947 வந்தது. 1948 மார்ச்சு 14இல் விசாகப்பட்டினத்திலே ‘ஜல உஷா’ என்ற கப்பல் நீரில் இறக்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் கட்டி முடித்து இறக்கப்பட்ட முதற்கப்பல் அது. வணிகக் கப்பலுக்கெனக் கொடியும் வந்தது. அது எத்தகைய கொடி? செந்நிறத் துணி, மூலையிலே பிரிட்டனின் சின்னம் இருந்த இடத்தில் மூவண்ணம். அவ்வளவுதான் மாற்றம்! சிவப்பு அப்படியே நின்றது. 1674இல் இரண்டாம் சார்லசு காட்டிய நிறம், இன்றும் இந்திய வணிகக் கப்பலின் பின்புறத்திலே அசைகிறது. ஆண்டவன் போனபின்னும் அவன் விட்டுச் சென்ற பழக்கம் எத்தனை காலம் வாழ்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இதற்காக நாம் அழ வேண்டியதில்லை. துணியின் நிறம் எதுவாயினும் அதன் கீழே நிற்பவனின் நிலை என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இன்று உலகக் கப்பல்களின் சரக்குத் தாங்கும் திறனில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளின் கொடிகளின் கீழ் இருக்கிறது. உரிமையாளன் ஒரு நாட்டில். கொடி இன்னொரு நாட்டில். மாலுமி மூன்றாம் நாட்டில். ‘வசதிக் கொடி’ என்று அதற்குப் பெயர். யாருக்கு வசதி? வரி கட்ட விரும்பாதவனுக்கும் கூலி உயர்த்த விரும்பாதவனுக்கும் வசதி! இதனை எதிர்த்து உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948 முதல் போராடி வருகிறது. 2006இல் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. ஊதியம், உணவு, ஓய்வு நேரம், ஊர் திரும்பும் உரிமை ஆகியவை எந்தக் கொடியாயினும் மாலுமிக்கு உண்டு என்பதே அதன் உயிர்நாடி. 1939இல் சிறை சென்ற லாஸ்கர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

பேரணாம்பட்டுக்குத் திரும்புவோம். அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே அனுப்பி, மதிப்பைப் பிறநாட்டான் பெறவிடும் முறைக்கு 1970களில் அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் முழுமையாகப் பதனிட்ட தோலும், காலணியும் இப்பகுதியிலிருந்தே கடல் கடந்தன. காலணித் தொழிலிலே பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தனர். பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி இது. ஆனால் கப்பல் ஏற்றிச் சென்றது தோலை மட்டுமே. உப்பும் குரோமியமும் கழிவும் பாலாற்றங்கரையிலேயே தங்கிவிட்டன. கிணறு கெட்டது, நிலம் கெட்டது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்றது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை வலியுறுத்தியது. சரக்குக்குக் கொடியின் பாதுகாப்பு உண்டு, காப்பீடு உண்டு, கடற்படையின் காவலும் உண்டு. ஆற்றுக்கும் அதன் கரையிலே வாழ்பவனுக்கும் காவல் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்லது. பெயர் சூட்டுவது நன்றி. ஆனால் சிதம்பரனார் கேட்டது பெயரன்று. கப்பலிலே உரிமை, கூலியிலே நீதி. கோரல் ஆலைத் தொழிலாளரின் 1908ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்து வென்ற கையும், கப்பல் நிறுவனத்தைக் கட்டிய கையும் ஒரே கைதான் என்பதை நாம் மறக்கலாகாது.

கொடிகளை வணங்கச் சொல்லும் குரல்கள் எக்காலத்திலும் ஓங்கி ஒலிக்கும். அப்போதெல்லாம், பெயர் தெரியாத அந்த மாலுமி தன் நாட்டுக் கொடிக்கு இட்ட செல்லப் பெயரை நாம் நினைவிற் கொள்வோம். துணி, துணிதான். அதற்கு மதிப்பு வருவது, தன் கீழே உழைப்பவனின் கண்ணீரை அது துடைக்கும்போதுதான். தூசு துடைக்கும் துணி என்பது இழிபெயர் அன்று. கொடி எதுவாயினும் அது செய்ய வேண்டிய வேலையின் பெயர்!